ஷோ மணி வாங்கி யு.கே. விசா எடுக்கலாமா?

சேலம் பக்கத்திலிருந்து 24 வயது வாசகி ஒருவர் எழுதிய நீண்ட கடிதத்தின் சாரம் இது. அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கியிருக்கிறேன்.

பி.இ. முடித்து இரண்டு வருடம் வேலை பார்த்திருக்கிறார். வட இங்கிலாந்தில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் ஓராண்டு எம்.எஸ்சி. படிக்க 2026 செப்டம்பர் சேர்க்கைக்கு இடம் கிடைத்திருக்கிறது. கட்டணம் 17,500 பவுண்டு. அதில் 5,000 கட்டியாகிவிட்டது. விசாவுக்கு 25 லட்ச ரூபாய் வங்கியில் காட்ட வேண்டும் என்று சொன்ன ஏஜென்ட், தெரிந்த ஃபைனான்ஸ்காரர் மூலம் அந்தப் பணத்தை அப்பாவின் கணக்கில் 28 நாள் போட்டுத் தருவதாகவும், அதற்கு 3 சதவீதம், அதாவது 75,000 ரூபாய் ஆகும் என்றும், 28 நாள் முடியும்வரை செக் புத்தகமும் ஏ.டி.எம். கார்டும் தன்னிடம் இருக்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார். இது போக, வங்கி ஒன்று 18 லட்சம் கல்விக் கடன் தர ஒப்புக்கொண்டு சாங்ஷன் லெட்டர் கொடுத்திருக்கிறது. அதற்கு ஈடாக அப்பாவின் 9 லட்ச ரூபாய் எஃப்.டி.யைக் கேட்கிறது. அம்மாவின் சேமிப்புக் கணக்கில் மூன்றரை லட்சம் இருக்கிறது. சிங்கப்பூரில் இருக்கும் பெரியப்பா 10 லட்சம் தரத் தயார்.

2024-இல் அமெரிக்க மாணவர் விசா கேட்டுச் சென்னையில் நிராகரிக்கப்பட்டிருக்கிறார். "அதை யு.கே. ஃபாரத்தில் எழுத வேண்டாம்" என்பது ஏஜென்டின் அறிவுரை. வரும் தை மாதம் திருமணம். கணவரை டிபென்டன்ட் விசாவில் அழைத்துக்கொள்ளலாம், வாரம் 40 மணி நேரம் வேலை பார்த்தால் செலவு ஈடாகிவிடும், படித்தபின் இரண்டு வருடம் தங்கலாம் என்றெல்லாம் ஏஜென்ட் சொல்லியிருக்கிறார். கடைசியாக ஒரு பின்குறிப்பு: பாஸ்போர்ட்டும் அசல் சான்றிதழ்களும் ஏஜென்டிடம் இருக்கின்றன. திருப்பிக் கேட்டால் 40,000 ரூபாய் கட்டச் சொல்கிறார்.

அன்புள்ள வாசகிக்கு,

உங்களுக்கு ஷோ மணியே, அதாவது விசாவுக்குக் காட்ட மட்டும் இப்படிக் கட்டணம் கொடுத்து வாங்கி வைக்கும் பணமே, தேவையில்லை. கடிதத்தில் நீங்களே எழுதியிருக்கும் தொகைகளைக் கூட்டினால் போதும். இதுவரை யாரும் உட்கார்ந்து கூட்டிப் பார்க்கவில்லை போலிருக்கிறது.

எவ்வளவு காட்ட வேண்டும்?

யு.கே. மாணவர் விசாவுக்குக் காட்ட வேண்டிய பணத்தில் இரண்டு பகுதி. முதலாவது, முதலாண்டுக் கட்டணத்தில் இன்னும் கட்டாத பாக்கி. இரண்டாவது, வாழ்க்கைச் செலவு. லண்டனுக்கு வெளியே படிப்பவர்களுக்கு மாதம் 1,171 பவுண்டு, அதிகபட்சம் ஒன்பது மாதத்துக்கு. லண்டனுக்குள் என்றால் மாதம் 1,529. இந்தத் தொகைகள் 2025 நவம்பர் 11 முதல் நடைமுறையில் உள்ளன.

உங்கள் கட்டணப் பாக்கி 12,500. வாழ்க்கைச் செலவு 1,171 பெருக்கல் 9, அதாவது 10,539. மொத்தம் 23,039 பவுண்டு. கணக்கு வசதிக்காக ஒரு பவுண்டுக்கு 120 ரூபாய் என்று வைத்தால் சுமார் 27 லட்சத்து 65 ஆயிரம் ரூபாய். விசா அதிகாரி ரூபாயைப் பவுண்டாக மாற்றிப் பார்ப்பது ஓஆண்டா என்ற நாணய மாற்றுத் தளத்தின் விலையில், நீங்கள் விண்ணப்பிக்கும் தேதியின் விலையில். ரூபாய் ஒரு வாரத்தில் இரண்டு மூன்று ரூபாய் இறங்குவது அபூர்வம் இல்லை. அதனால் ஐந்து சதவீதம் சேர்த்து 29 லட்சத்தை இலக்காக வையுங்கள்.

ஏஜென்ட் சொன்ன 25 லட்சம் எங்கிருந்து வந்தது? 2025 ஜனவரிக்கு முன்பு மாதச் செலவு 1,023 பவுண்டு. அதை ஒன்பதால் பெருக்கி, கட்டணப் பாக்கியைச் சேர்த்து, 115 ரூபாய் விலையில் போட்டால் கிட்டத்தட்ட 25 லட்சம் வரும். அப்படித்தான் போட்டார் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. எப்படிப் போட்டிருந்தாலும் அந்தத் தொகையோடு விண்ணப்பித்திருந்தால், 75,000 ரூபாயும் கொடுத்து நிராகரிப்பையும் வாங்கியிருப்பீர்கள்.

இனி உங்களிடம் உள்ளதைப் பாருங்கள். கல்விக் கடன் 18, எஃப்.டி. 9, அம்மாவின் சேமிப்பு 3.5. கூட்டினால் முப்பதரை லட்சம். கடன் கடிதத்தையும் பெற்றோரின் வங்கிப் பணத்தையும் சேர்த்துக் காட்டலாம், தடையில்லை. ஆனால் இந்த மூன்றிலும் ஆளுக்கொரு சிக்கல் இருக்கிறது.

எஃப்.டி.யை இரண்டு தடவை எண்ண முடியாது

கடனுக்கு ஈடாக எஃப்.டி.யை வங்கி லியன் போட்டுவிட்டால், அதாவது கடன் தீரும்வரை முடக்கிவிட்டால், அப்பாவால் அதை உடைத்து எடுக்க முடியாது. எடுக்க முடியாத பணம் விசாவுக்குப் பணமே அல்ல. அப்போது உங்கள் கணக்கு 18 + 3.5 = 21.5 லட்சமாகச் சுருங்கிவிடும். ஏழரை லட்சம் துண்டு விழும். உங்களைப் போலக் கையில் போதிய பணம் வைத்திருப்பவர்களும் இடறி விழுவது பெரும்பாலும் இங்கேதான்.

வங்கிகள் பின்பற்றும் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் சொத்து ஈடு கேட்பார்கள். ஆனால் அது எஃப்.டி.யாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அப்பா பெயரில் சொந்த வீடு இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதை அடமானமாக எடுத்துக்கொண்டு எஃப்.டி.யை விட்டுவிடும்படி மேலாளரிடம் கேளுங்கள். வில்லங்கச் சான்று, வக்கீல் கருத்து, மதிப்பீட்டாளர் அறிக்கை, அடமானப் பதிவு என்று மூன்று நான்கு வாரம் இழுக்கும். செலவும் உண்டு. மேலாளர்கள் எஃப்.டி.யைக் கேட்பது வேலை சீக்கிரம் முடியும் என்பதால்தான். உங்களுக்கு அவகாசம் இருக்கிறது, கேட்டுப் பாருங்கள்.

வங்கி மறுத்துவிட்டால் பெரியப்பாவின் பணம் கைகொடுக்கும். ஆனால் அவர் கணக்கில் இருக்கும்வரை அது உங்களுக்குப் பயன்படாது. விசா விதியில் செல்லுபடியாகும் கணக்குகள் உங்களுடையது, பெற்றோருடையது, சட்டப்படியான பாதுகாவலருடையது, கணவன் அல்லது மனைவியுடையது. பெரியப்பா, அண்ணன், தாத்தா யாருடைய ஸ்டேட்மென்ட்டும் எடுபடாது. "ஸ்பான்சர் அஃபிடவிட் போட்டால் போதும்" என்பது வேறு நாடுகளின் பழக்கத்தை இங்கே கொண்டுவந்து ஒட்டும் பேச்சு. பெரியப்பா உண்மையிலேயே தருவதாக இருந்தால் அப்பாவின் கணக்குக்கு அனுப்பட்டும். வந்த நாளிலிருந்து 28 நாள் இருந்தால் அது அப்பாவின் பணம். உதவியாகக் கொடுத்தேன் என்று அவரிடம் ஒரு கடிதம் வாங்கி வையுங்கள். நேர்காணலில் கேட்டால் சொல்லப் பதில் இருக்கும்.

எஃப்.டி. லியன் இல்லாமல் கிடைத்தால், போட்ட தேதி, இப்போதைய தொகை, முதிர்வுக்கு முன்பே எடுத்துக்கொள்ளலாம் என்ற உறுதி, இந்த மூன்றும் உள்ள கடிதத்தை வங்கியின் லெட்டர்ஹெட்டில் வாங்குங்கள். வரிச் சலுகைக்காகப் போடும் ஐந்தாண்டு எஃப்.டி. பூட்டப்பட்ட பணம், அது ஆகாது. பி.எஃப்., எல்.ஐ.சி. பாலிசி, பங்குகள், நகை மதிப்பீட்டுச் சான்று, சீட்டுப் பணம் இவையும் ஆகா. நகையை அடகு வைத்து வந்த ரொக்கம் பெற்றோர் கணக்கில் 28 நாள் இருந்தால் அது கணக்கில் சேரும். கணக்கு எந்த வங்கியில் என்பதும் முக்கியம். முறைப்படி ஒழுங்குபடுத்தப்பட்ட, கணினிப் பதிவுகள் வைத்திருக்கும், கேட்டால் உறுதிசெய்யக்கூடிய நிறுவனமாக இருக்க வேண்டும். ஊர்க் கூட்டுறவுச் சங்கத்தில் உள்ள பணத்தை இப்போதே வணிக வங்கிக்கு மாற்றிவிடுவது நல்லது.

சாங்ஷன் லெட்டரை எடுத்து மறுபடி படியுங்கள்

கல்விக் கடனுக்கு 28 நாள் விதி கிடையாது. கடிதம் சரியாக இருந்தால் அன்றைக்கே பயன்படுத்தலாம். சிக்கல் என்னவென்றால், நம் வங்கிகள் தரும் சாங்ஷன் லெட்டர் வங்கியின் பாதுகாப்புக்காக எழுதப்படுவது. விசா அதிகாரி படிப்பார் என்று நினைத்து யாரும் எழுதுவதில்லை. "ஈடு ஆவணங்கள் பதிவானபின்", "மார்ஜின் தொகை கட்டியபின்", "ஒவ்வொரு செமஸ்டருக்கும் மதிப்பெண் பார்த்து விடுவிக்கப்படும்" போன்ற வரிகள் அதில் நிறைந்திருக்கும். விசா கிடைக்க வேண்டும் என்ற ஒரு நிபந்தனையைத் தவிர வேறு எந்த நிபந்தனை இருந்தாலும் அந்தக் கடிதம் தள்ளப்படலாம்.

அதனால் அடமானம் முடிந்தபின் தனியாக ஒரு கடிதம் கேளுங்கள். அதில் இருக்க வேண்டியவை: பாஸ்போர்ட்டில் உள்ளபடி உங்கள் பெயர், தேதி, வங்கியின் பெயர், மொத்தக் கடன் தொகை, இது உங்களுக்கான கல்விக் கடன் என்ற வாசகம், விசா தவிர வேறு நிபந்தனை இல்லை என்ற வாசகம், நீங்கள் பயணம் செய்வதற்கு முன்பே பணம் கிடைக்கும் என்ற உறுதி. கட்டணப் பகுதி நேராகப் பல்கலைக்கழகத்துக்குப் போவதாக இருந்தால் அதையும் பிரித்து எழுதச் சொல்லுங்கள். கடிதத்தின் தேதி விண்ணப்ப நாளுக்கு ஆறு மாதத்துக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். கடன் வாங்குபவராக உங்கள் பெயரும் உடன் கையெழுத்தாக அப்பா பெயரும் இருப்பது வழக்கம்தான், சரிதான். அப்பா தன் பெயரில் வாங்கும் பர்சனல் லோன் இந்த வகையில் வராது.

மேலாளர் "எங்கள் ஃபார்மட் இதுதான்" என்பார். கிளையில் முடியாவிட்டால் மண்டல அலுவலகத்துக்கு மின்னஞ்சல் போடச் சொல்லுங்கள். யு.கே.வுக்கு அடிக்கடி கடன் தரும் கிளைகளில் இந்த வாசகம் தயாராகவே இருக்கும்.

28 நாள் என்பது சராசரி அல்ல

"28 நாளும் சராசரியாக அந்தத் தொகை இருந்தால் போதும்தானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. அந்த 28 நாளில் ஒரே ஒரு நாள், ஒரே ஒரு ரூபாய் குறைந்தாலும் நிராகரிக்கலாம். நாளின் முடிவில் சரியாகிவிட்டது என்ற வாதம் நிற்காது. அம்மாவின் கணக்கில் எல்.ஐ.சி. பிரீமியம், இ.எம்.ஐ. ஏதாவது தானாகக் கழிந்தால் அந்த மாதத்துக்கு வேறு கணக்குக்கு மாற்றிவிடுங்கள். நல்லவேளையாக உங்களுக்கு அம்மாவின் மூன்றரை லட்சத்தில் இரண்டு லட்சம்தான் தேவை. மூன்று லட்சத்துக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொண்டால் மூச்சுவிட இடம் இருக்கும்.

தேதிக் கணக்கு இப்படி. ஜூன் 1 அன்று பணம் முழுதும் சேர்ந்துவிட்டது என்று வைப்போம். ஜூன் 28-உடன் 28 நாள் நிறையும். நீங்கள் ஜூன் 30 வரை ஸ்டேட்மென்ட் எடுக்கிறீர்கள். விண்ணப்ப நாள் அந்த முடிவுத் தேதியிலிருந்து 31 நாளுக்குள் இருக்க வேண்டும், அதாவது ஜூலை 31-க்குள். விண்ணப்ப நாள் என்பது இணையத்தில் கட்டணம் கட்டும் நாள். கைரேகை கொடுக்கப் போகும் நாள் அல்ல. அம்மாவின் கணக்கு, எஃப்.டி. இரண்டுக்கும் ஒரே தேதியில் ஆவணம் எடுங்கள். விண்ணப்பித்தபின் பணத்தை எடுக்கலாமா என்றால், முடிவு வரும்வரை தொடாதீர்கள். யு.கே. உள்துறை அலுவலகம் வங்கியிடம் நேரடியாக உறுதிசெய்துகொள்வது உண்டு.

பெற்றோரின் பணம் என்பதால் மேலும் இரண்டு காகிதம் வேண்டும். ஒன்று, உங்கள் படிப்புக்கு இந்தப் பணத்தைப் பயன்படுத்தச் சம்மதம் என்று அப்பாவும் அம்மாவும் கையெழுத்திட்ட கடிதம். மற்றொன்று உங்கள் பிறப்புச் சான்றிதழ். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், டி.சி., ரேஷன் கார்டு எதுவும் அதற்கு மாற்று இல்லை. நம் ஊர்ச் சான்றிதழ்களில் வரும் வழக்கமான கோளாறுகள் இரண்டு: குழந்தையின் பெயர் இடம் காலியாக இருக்கும், அல்லது பெற்றோர் பெயர் வங்கியில் உள்ளதைவிட வேறு எழுத்தில் இருக்கும். பெயர் இல்லாவிட்டால் பிறப்பைப் பதிந்த உள்ளாட்சி அலுவலகத்தில் இப்போதே சேர்த்துக்கொள்ளுங்கள், இதை ஜூலைக்கு ஒத்திப்போடாதீர்கள். வங்கியில் இனிஷியலோடும் சான்றிதழில் இனிஷியல் இல்லாமலும் இருந்தால் அப்பாவின் பாஸ்போர்ட் அல்லது ஆதார் நகலையும் ஒரு விளக்கக் கடிதத்தையும் சேருங்கள். தமிழில் மட்டும் இருக்கும் ஆவணத்துக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். அதில் மொழிபெயர்ப்பாளரின் பெயர், கையெழுத்து, தேதி, தொடர்பு விவரம், இது சரியான மொழிபெயர்ப்பு என்ற உறுதிமொழி ஐந்தும் இருக்க வேண்டும்.

ஷோ மணியில் உண்மையான ஆபத்து எங்கே?

"ஸ்டேட்மென்ட் உண்மை, பணம் உண்மை, இதில் மோசடி எங்கே?" என்று ஏஜென்ட் கேட்பார். செக் புத்தகத்தையும் ஏ.டி.எம். கார்டையும் அவர் கேட்டதிலேயே பதில் இருக்கிறது. விதியின்படி பணம் உங்கள் அல்லது பெற்றோரின் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். அப்பாவால் தொட முடியாத பணத்தை அப்பாவின் பணம் என்று அறிவித்து நீங்கள் கையெழுத்துப் போடுகிறீர்கள். திடீரென்று ஒரே தொகையாக வந்த 25 லட்சத்தைப் பார்த்து அதிகாரி வீடியோ நேர்காணலில் "இந்தப் பணம் எங்கிருந்து வந்தது?" என்று கேட்டால், உண்மையைச் சொன்னாலும் விசா போகும், பொய் சொன்னாலும் போகும். பொய் ஏமாற்று என்று பதிவானால் பத்து வருடம்வரை அடுத்த விண்ணப்பங்களும் நிராகரிக்கப்படலாம். இதே தரகர்களில் சிலர் பணமே போடாமல் போலி ஸ்டேட்மென்ட் அச்சடித்துக் கொடுப்பதும் நடக்கிறது. விண்ணப்பதாரருக்கே அது தெரியாமல் போவதுண்டு. "ஏஜென்ட் செய்தார், எனக்குத் தெரியாது" என்பது உங்களைக் காப்பாற்றாது. அப்பாவின் கணக்கில் இவ்வளவு பெரிய தொகை வந்து போனதற்கு வருமான வரித் துறை விளக்கம் கேட்டால், அதற்கும் அப்பாதான் பதில் சொல்ல வேண்டும்.

அமெரிக்க நிராகரிப்பை மறைக்கச் சொல்வதும் இதே ரகம்தான். எந்த நாட்டிலாவது விசா மறுக்கப்பட்டதா என்று படிவத்தில் நேரடியாகவே கேள்வி இருக்கிறது. இரு நாடுகளும் குடிவரவுத் தகவல்களைப் பகிர்ந்துகொள்கின்றன. "ஆம்" என்று எழுதி, மாதம், வருடம், எந்த விசா, கொடுத்த தாளில் காரணமாகக் காட்டியிருந்த அமெரிக்கச் சட்டத்தின் 214(பி) பிரிவு ஆகியவற்றைக் குறிப்பிட்டு, தாளையும் இணைத்துவிடுங்கள். அந்த நிராகரிப்பு மட்டுமே யு.கே. விசாவை மறுக்கக் காரணமாகாது. அதை மறைத்தால்தான் காரணமாகும். அமெரிக்கா கைவிட்டதால்தான் இங்கே வருகிறீர்களா என்று நேர்காணலில் கேட்கலாம். இந்தப் பாடத்திட்டம் ஏன், இந்தப் பல்கலைக்கழகம் ஏன், இரண்டு வருட வேலைக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்பதை உங்கள் சொந்த வார்த்தையில் சொல்லத் தெரிய வேண்டும். மனப்பாடப் பதில் உடனே தெரிந்துவிடும்.

விண்ணப்பத்தை ஏஜென்ட் நிரப்பினாலும் அது உங்கள் மின்னஞ்சலில், உங்கள் கைப்பேசி எண்ணில் தொடங்கப்பட வேண்டும். இப்போது விசா என்பது இணையத்தில் இருக்கும் இ-விசா. வீட்டு வாடகைக்கும் வேலைக்கும் அந்தக் கணக்கில் நுழைந்துதான் சான்று காட்ட வேண்டும். ஏஜென்டின் மின்னஞ்சலில் கணக்கு இருந்தால், மான்செஸ்டரில் நிற்கும்போதும் ஓ.டி.பி.க்கு அவருக்கு போன் செய்துகொண்டிருப்பீர்கள். சமர்ப்பிப்பதற்கு முன் முழுப் படிவத்தையும் பி.டி.எஃப். ஆக வாங்கி வரிவரியாகப் படியுங்கள்.

கணவர், வேலை, அப்புறம் தங்குவது

இதில் மூன்று தகவலும் பழையவை அல்லது தவறானவை. 2024 ஜனவரி 1-க்குப் பிறகு தொடங்கும் படிப்புகளில், ஆராய்ச்சிப் பட்டம் படிப்பவர்களும் அரசு உதவித்தொகையில் வருபவர்களும் மட்டுமே குடும்பத்தை டிபென்டன்ட்டாக அழைத்துச் செல்ல முடியும். உங்களுடையது வகுப்பறை எம்.எஸ்சி., எனவே முடியாது. படித்தபின் எடுக்கும் கிராஜுவேட் விசாவிலும், ஏற்கெனவே மாணவர் விசாவில் டிபென்டன்ட்டாக இருந்தவர்கள்தான் தொடர முடியும். உங்களுக்கு ஸ்கில்டு வொர்க்கர் போன்ற வேலை விசா கிடைத்தால்தான் கணவர் சேர்ந்து வாழ வர வழி பிறக்கும். இரு வீட்டாரிடமும் இதைத் திருமணத்துக்கு முன்பே சொல்லிவிடுங்கள். இன்னொரு விஷயம்: தையில் திருமணம் என்றால் படிப்பின் நடுவில். விடுப்புத் தேதிகளைப் பார்த்து முகூர்த்தம் குறியுங்கள், வருகைப் பதிவு குறைந்தால் பல்கலைக்கழகம் உள்துறைக்குத் தெரிவிக்க வேண்டியிருக்கும்.

வேலை வாரம் 20 மணி நேரம், திங்கள் முதல் ஞாயிறு வரை. ஒரு வாரம் 25, மறுவாரம் 15 என்று சராசரி போட முடியாது. ஒரு வாரம் மீறினாலும் மீறல்தான். எம்.எஸ்சி. மாணவர்களுக்குக் கோடை மாதங்கள் விடுமுறை அல்ல, ஆய்வறிக்கைக் காலம், அப்போதும் இதே 20 தான். செயலி வழி உணவு டெலிவரி சுயதொழில் என்று கருதப்படுவதால் மாணவர் விசாவில் கூடவே கூடாது. நண்பரின் அக்கவுண்ட்டில் ஓட்டுவது இன்னும் மோசம். 21 வயதுக்கு மேற்பட்டோருக்கு 2026 ஏப்ரல் முதல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.71 பவுண்டு. இருபது மணி நேரமும் கிடைத்தால் வாரம் 254 பவுண்டு. அதுவும் போனவுடன் கிடைத்துவிடாது. சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் உதவும் என்று நம்பலாம், கல்லூரிக் கட்டணத்தை இதை நம்பி வைக்காதீர்கள்.

கிராஜுவேட் விசா இப்போது இரண்டு வருடம்தான். ஆனால் 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு, பிஎச்.டி. முடித்தவர்கள் தவிர, 18 மாதம். உங்கள் படிப்பு 2027 செப்டம்பரில் முடிகிறது. அதனால் உங்களுக்கு 18 மாதம்.

காலண்டர்

படிப்பு தொடங்குவதற்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். முடிவுக்கு வழக்கமாக மூன்று வாரம். பல்கலைக்கழகம் தரும் சேர்க்கை உறுதி எண்ணான காஸ் வராமல் விண்ணப்பிக்க முடியாது. பல்கலைக்கழகங்கள் இப்போது வங்கி ஆவணத்தைப் பார்த்து, தாங்களே ஒரு நேர்காணல் வைத்துத்தான் காஸ் தருகின்றன. விசா நிராகரிப்பு கூடினால் வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்கும் அவர்களின் உரிமத்துக்கே ஆபத்து. காஸ் வந்ததும் பெயர், பாஸ்போர்ட் எண், படிப்புத் தேதிகள், நீங்கள் கட்டிய 5,000 பவுண்டு சரியாக ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். அந்த 5,000 ஏறாவிட்டால் உங்கள் பாக்கி 17,500 என்றே கணக்காகும். முன்பணத்தை ஏஜென்ட் வழியாகக் கட்டியிருந்தால் இதை இன்றைக்கே பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கேளுங்கள்.

விசாவுக்குத் தேவையான காசநோய்ச் சான்றிதழுக்குச் சென்னையில் அங்கீகரிக்கப்பட்ட மையங்கள் உள்ளன. வேறு மருத்துவமனை எக்ஸ்ரே செல்லாது. சான்று ஆறு மாதம் செல்லும். எக்ஸ்ரேயில் பழைய தழும்பு ஏதாவது தெரிந்து சளிப் பரிசோதனை கேட்டால் இரண்டு மாதம்கூட ஆகலாம், அதனால் இதை முதலில் முடியுங்கள். விசாவோடு சேர்த்துக் கட்ட வேண்டிய சுகாதாரக் கட்டணம் ஆண்டுக்கு 776 பவுண்டு. ஓராண்டு எம்.எஸ்சி.க்குப் படிப்புக்கு முன்னும் பின்னும் உள்ள மாதங்களையும் சேர்ப்பதால் 1,164 ஆகும். இதுவும் விசா கட்டணமும் மேலே சொன்ன 29 லட்சத்துக்கு வெளியே. சொந்தப் பணத்திலிருந்து ஓர் ஆண்டில் 10 லட்சத்துக்கு மேல் அனுப்பினால் வங்கி டி.சி.எஸ். என்ற வரியைப் பிடிக்கும். வங்கியில் வாங்கிய கல்விக் கடனிலிருந்து போனால் பிடிக்காது. எனவே கட்டணப் பாக்கியைக் கடன் கணக்கிலிருந்தே அனுப்பச் சொல்லுங்கள்.

ஒருவேளை நிராகரித்தால் மேல்முறையீடு இல்லை. 28 நாளுக்குள் 80 பவுண்டு கட்டி நிர்வாக மறுஆய்வு கேட்கலாம், ஆனால் அது அதிகாரி செய்த தவறுக்கு மட்டும். நீங்கள் விட்டுப்போன காகிதத்தை அப்போது சேர்க்க முடியாது. புதிதாக விண்ணப்பிக்க வேண்டுமானால் பழைய காஸ் ஒருமுறை பயன்பட்டுவிட்டது, புதிது வாங்க வேண்டும். சுகாதாரக் கட்டணம் திரும்பி வரும், விசா கட்டணம் வராது. படிவத்தில் சந்தேகம் வந்தால் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்கு எழுதுங்கள். அங்கே ஆலோசனைக்குக் காசு வாங்குவதில்லை.

பாஸ்போர்ட்டைப் பற்றி

1967-ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டப்படி பாஸ்போர்ட் மத்திய அரசின் சொத்து. கட்டணப் பாக்கிக்காக அதைப் பிடித்து வைக்க எந்தத் தனியாருக்கும் உரிமை இல்லை. சான்றிதழ்களும் அப்படித்தான். அவருக்கு நியாயமான சேவைக் கட்டணம் பாக்கி இருந்தால் அதை அவர் வேறு வழியில் வசூலித்துக்கொள்ளட்டும். நீங்கள் அவரோடு ஏதாவது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். 40,000 ரூபாய் அதில் இல்லையென்றால் அதைக் கொடுக்க வேண்டியதும் இல்லை. பல்கலைக்கழகத்திடமிருந்தே கமிஷன் வாங்கும் ஏஜென்டுகள் அதிகம் என்பதையும் மனதில் வையுங்கள்.

முதலில் வாட்ஸ்அப்பிலும் மின்னஞ்சலிலும் எழுத்தில் கேளுங்கள்: எந்தத் தேதியில் எந்தெந்த ஆவணம் கொடுத்தேன், மூன்று நாளுக்குள் திருப்பித் தரவும். போனில் மட்டும் பேசாதீர்கள். தராவிட்டால் அந்தச் செய்திகளின் நகலோடு உங்கள் பகுதிக் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். நேரில் போகும்போது அப்பாவையும் இன்னொருவரையும் அழைத்துப் போங்கள், பட்டியலில் ஒவ்வொன்றாக டிக் அடித்து வாங்குங்கள். பாஸ்போர்ட் கைக்கு வந்த அன்றைக்கே காசநோய்ப் பரிசோதனைக்குத் தேதி எடுத்துவிடலாம். அசல் பாஸ்போர்ட் இல்லாமல் அங்கே உள்ளே விடமாட்டார்கள்.